கறுப்புத் துணியில் வெள்ளை அச்சு: எந்த ஒயிட்டை எடுப்பது?

வெளிர் நிறத் துணியில் அடர் நிறம் அடிப்பது யாருக்கும் வரும். கறுப்பு, நேவி, மெரூன் துணியில் வெள்ளை வெள்ளையாகவே நிற்க வேண்டும் என்னும்போதுதான் பிரிண்டிங் யூனிட்டின் வேலை தெரியும். திருப்பூரில் பனியன் துணி அடிக்கும் யூனிட்டுகளில் வரும் புகார்களைப் பார்த்தால் மூன்று வகைக்குள் அடங்கிவிடும். அடித்த அன்றே சாம்பல் பூத்துத் தெரிகிறது. பெட்டிக்குள் போன பிறகு ரோஸ் நிறம் ஏறுகிறது. இரண்டு சலவையில் வெடிக்கிறது. மூன்றுக்கும் பழி மை டப்பா மேல்தான் விழும். டப்பாவில் குறை இருப்பதும் உண்டு. ஆனால் பெரும்பாலும் அந்தத் துணிக்கும் அந்த அடுப்புக்கும் பொருந்தாத ஒயிட்டை, அதாவது வெள்ளை மையை, வாங்கியிருப்பார்கள். அதனால் துணி, டேபிள், கியூரிங் மெஷின் (மையைச் சூட்டில் இறுக வைக்கும் அடுப்பு), பையரின் (சரக்கு வாங்கும் நிறுவனத்தின்) நிபந்தனை ஆகிய நான்கையும் பார்த்து முடித்துவிட்டு மைக் கடைக்குப் போங்கள்.

துணியிடம் கேட்க வேண்டியவை

ஆர்டர் ஷீட்டில் '100 சதவீதம் காட்டன்' என்று எழுதியிருந்தாலும் ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள். காட்டன் காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் கலந்திருந்தால் உருகி, ஆறியதும் நுனியில் கெட்டியான மணியாக நிற்கும். ஆந்த்ரா மெலாஞ்ச், சார்கோல் மெலாஞ்ச் (வெவ்வேறு நிற இழை கலந்த அடர் சாம்பல்) துணிகளில் இதைக் கட்டாயம் செய்யுங்கள். அதிலுள்ள கறுப்பு இழை பல சமயம் சாயம் ஏற்றிய பாலியஸ்டராக இருக்கும். துணி பார்வைக்குக் காட்டன் போலவே தெரியும், வெள்ளையில் கலர் ஏறும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

பாலியஸ்டர் இருக்கிறது என்று தெரிந்தால் அடுத்து ஒரு சோதனை. துணியின் மேல் வெள்ளைப் பாலியஸ்டர் துண்டு ஒன்றை வைத்து, சூட்டோடு அழுத்தும் ஃப்யூசிங் மெஷினில் 160 டிகிரியில் 30 விநாடி அழுத்துங்கள். வெள்ளைத் துண்டில் கறை இறங்கினால் அந்தச் சாயம் சூட்டில் பெயரும் சாயம். சாதாரண ஒயிட் அங்கே நிற்காது.

பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர். துணி உடனே குடித்துவிட்டால் நல்லது. சொட்டு முத்தாக நின்றால் சிலிக்கான் சாஃப்ட்னரோ தண்ணீர் ஒட்டாத ஃபினிஷோ ஏறியிருக்கிறது என்று பொருள். வாட்டர் பேஸ் (தண்ணீர் அடிப்படையிலான) மை இழைக்குள் இறங்கிப் பிடிக்க வேண்டியது. அது இந்தத் துணியில் மேலாகவே உட்கார்ந்து சலவையில் உரியும். சாஃப்ட்னர் இல்லாத துணி கேளுங்கள். முடியாவிட்டால் சலவைச் சோதனை முடியும்வரை புரொடக்சனைத் தொடாதீர்கள்.

பயோ வாஷ் (நொதியால் மென்முடியை நீக்கும் கழுவல்) செய்த துணியா என்பதையும் விசாரியுங்கள். செய்யாத கார்டட் நூல் துணியில் மேலே நிற்கும் மென்முடி வெள்ளைப் பூச்சைத் துளைத்துக்கொண்டு எழும். அடித்தவுடன் பளிச்சென்று இருந்த வெள்ளை, ஒரே சலவையில் புழுதி படிந்தது போல ஆவதற்கு இதுவே பெரிய காரணம். லைக்ரா எத்தனை சதவீதம் என்றும் குறித்துக்கொள்ளுங்கள்; இழுபடும் துணிக்கு இழுபடும் மை வேண்டும்.

வெள்ளைக்குள் என்ன இருக்கிறது

மையை வெள்ளையாக்குவது டைட்டானியம் டை ஆக்சைடு. அதன் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 2.7. அதைச் சுற்றியிருக்கும் பைண்டருக்கு (தூளைத் துணியோடு பிடித்துவைக்கும் பிசினுக்கு) 1.5 அளவுதான். இந்த இடைவெளி பெரிதாக இருப்பதால் ஒளி சிதறித் திரும்புகிறது, கீழே இருக்கும் கறுப்பு மறைகிறது. விலை குறைக்க மையில் சேர்க்கப்படும் கால்சியம் கார்பனேட்டின் எண் சுமார் 1.6. பைண்டரோடு கிட்டத்தட்ட ஒன்றிப்போவதால் அது மையைக் கெட்டியாக்கும், எடை கூட்டும், ஆனால் எதையும் மறைக்காது. டப்பாவுக்குள் இரண்டும் ஒரே வெள்ளையாகத்தான் தெரியும். கறுப்புத் துணியில் அடித்துக் கியூர் ஆன பிறகு ஒன்று நிற்கும், மற்றது சாம்பலாகும். டப்பாவைத் திறந்து பார்த்து ஒயிட் வாங்கக் கூடாது என்பது இதனால்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. டைட்டானியத்தை அளவுக்கு மேல் ஏற்றினாலும் கெடும். தூளைப் பிடித்துவைக்கப் பைண்டர் போதாமல் போனால் தேய்க்கும்போது சுண்ணாம்பு போல உதிரும், இழுத்தால் பிஸ்கட் மாதிரி உடையும். கவரேஜ் (துணி நிறத்தை மூடும் திறன்) போதவில்லை என்று யூனிட்டிலேயே டைட்டானியம் தூளைக் கொட்டிக் கலக்குகிறார்கள் சிலர். கையால் கலக்கினால் தூள் கட்டி உடையாது. மெஷ்ஷை (ஸ்கிரீனின் வலையை) அடைக்கும், அச்சில் ஊசித் துளைகள் விழும், மூக்கிலும் ஏறும். கவரேஜ் வேண்டுமென்றால் நல்ல மையை வாங்குவது ஒன்றே வழி.

புழக்கத்தில் இருக்கும் ஒயிட்டுகள்

காதி ஒயிட்: தண்ணீர், அக்ரிலிக் பைண்டர், டைட்டானியம். விலை குறைவு. நீள டேபிளில் பீஸ்களை வரிசையாக ஒட்டி, ஒரு சுற்று அடித்துவிட்டு அடுத்த சுற்றுக்குத் திரும்பும் முறைக்கு இது அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தும். முதல் பீஸுக்குத் திரும்பி வருவதற்குள் முதல் கோட் காற்றிலேயே காய்ந்திருக்கும். காட்டனில் நன்றாகப் பிடிக்கும். கைக்கு லேசாகச் சொரசொரப்பு தெரியும். இழுவை குறைவு என்பதால் ரிப், லைக்ரா துணிகளில் வைக்காதீர்கள்.

ரப்பர் பிரிண்ட் ஒயிட்: இதுவும் வாட்டர் பேஸ்தான். ஆனால் இழுபடும் பைண்டர். துணியை ஒன்றரை மடங்கு இழுத்தாலும் வெடிக்காமல் திரும்ப வேண்டும். டி-சர்ட், குழந்தை உடுப்பு, லெக்கிங்ஸ் ஆகியவற்றுக்கு முதலில் முயல வேண்டியது இதைத்தான். மேல்பரப்பு சற்று ஒட்டும் தன்மையோடு இருப்பது இதன் பலவீனம். அச்சோடு அச்சு படும்படி மடித்துச் சூட்டோடு அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும். மை வாங்கும்போது, கியூர் ஆன இரண்டு அச்சுகளை முகத்துக்கு முகம் வைத்து மேலே 5 கிலோ எடை ஏற்றி ஓர் இரவு விட்டுப் பாருங்கள். காலையில் பிரிக்கும்போது சர்ரென்று சத்தம் வந்தால் அந்த மை பெட்டிக்குள் தொல்லை கொடுக்கும்.

பிளாஸ்டிசால்: பிவிசி பிசினும் அதை இளக்கும் பிளாஸ்டிசைசரும். இதில் ஆவியாகப் போக எதுவும் இல்லை, அடித்த கனம் அப்படியே நிற்கும். வாட்டர் பேஸில் மையின் கணிசமான பங்கு தண்ணீராகப் பறந்துவிடும், ஈரத்தில் கண்ட கனம் காய்ந்ததும் பாதிக்குச் சுருங்கும். பிளாஸ்டிசால் ஒயிட் இரண்டு ஸ்ட்ரோக்கில் (ரப்பர் இழுப்பில்) மூடும் இடத்தில் காதிக்கு மூன்று, நான்கு தேவைப்படுவதன் காரணம் இதுதான். ஸ்கிரீனில் காயாது, மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்தும் தொடரலாம். ஆனால் காற்றிலும் காயாது. பிளாஷ் (கோட்டுக்கு நடுவே மையைச் சூட்டில் லேசாக உலர்த்தும் கருவி) இல்லாத டேபிளில் இரண்டாவது கோட் போடவே முடியாது. ஆட்டோ மெஷினோ, டேபிள் மேல் நகரும் பிளாஷோ இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

பையர் யார் என்பதும் இங்கேதான் முக்கியம். ஐரோப்பிய ஒன்றியத்தில் ரீச் என்னும் வேதிப்பொருள் விதிகளின்படி டிஇஎச்பி, டிபிபி, பிபிபி, டிஐபிபி ஆகிய நான்கு தாலேட்டுகளும் (பிளாஸ்டிசைசர் வகைகள்) சேர்ந்து பிளாஸ்டிசைசர் உள்ள பாகத்தின் எடையில் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2020 ஜூலை 7 முதல் இந்த வரம்பு உடைகளுக்கும் சேர்த்துத்தான். தாலேட் இல்லாத பிளாஸ்டிசால்கள் கிடைக்கின்றன. ஆனால் ஆர்டர் கோட்ஸ் (GOTS, ஆர்கானிக் துணிக்கான) சான்றிதழின் கீழ் வந்தால் பிவிசிக்கே இடமில்லை, வாட்டர் பேஸ் பக்கம்தான் போக வேண்டும். 'தாலேட் ஃப்ரீ', 'பிவிசி ஃப்ரீ' இரண்டும் வேறு வேறு. ஷீட்டில் எது எழுதியிருக்கிறது என்று இரண்டு முறை படியுங்கள்.

டிஸ்சார்ஜ் ஒயிட்: மேலே மூடுவதற்குப் பதிலாகத் துணியின் சாயத்தையே கொன்று, அந்த இடத்தில் வெள்ளையை ஏற்றுவது. தொட்டால் அச்சு இருப்பதே தெரியாது. பெரிய டிசைனுக்கு இதைவிட மென்மையானது கிடையாது. மையின் எடையில் 4 முதல் 6 சதவீதம் டிஸ்சார்ஜ் ஏஜென்ட் கலக்க வேண்டும். கலந்த மை 4 முதல் 6 மணி நேரத்தில் வீரியம் இழக்கும், அதனால் அரை நாளுக்குத் தேவையானதை மட்டும் கலக்குங்கள். ரியாக்டிவ் சாயமிட்ட காட்டனில்தான் வேலை செய்யும், பாலியஸ்டரில் நடக்காது. ரியாக்டிவிலும் டர்க்காய்ஸ், சில ராயல் புளூ சாயங்கள் வெளுக்காமல் அடம்பிடிக்கும். கறுப்பு சில லாட்டில் வெள்ளையாகும், சில லாட்டில் பழுப்பாக நிற்கும். டையிங்கில் லாட் மாறினால் சோதனையும் மறுபடி. கியூரிங்கின்போது ஃபார்மால்டிஹைடு வாடை கிளம்பும். காற்றுப்போக்கி இல்லாத ஷெட்டில் இந்த வேலையை எடுக்கவே வேண்டாம், ஆட்களின் கண்ணும் நெஞ்சும் தாங்காது. அச்சடித்த பீஸை அலசிய பிறகே பேக்கிங்குக்கு அனுப்ப வேண்டும். தீங்கான வேதிப்பொருள்களைச் சோதிக்கும் ஓகோ-டெக்ஸ் 100 சான்றிதழில் 3 வயது வரையான குழந்தை உடுப்புக்கு ஃபார்மால்டிஹைடு வரம்பு கிலோவுக்கு 16 மில்லிகிராமுக்கும் கீழே. அலசாத டிஸ்சார்ஜ் அங்கே தேறுவது கடினம்.

சிலிக்கான் ஒயிட் விளையாட்டு உடைகளுக்கு அருமையானது, இழுவைக்கு ஈடில்லை. விலையும் மேல். கேட்டலிஸ்ட் (இறுக வைக்கும் பொருள்) கலந்த பிறகு நேரக் கெடுவும் உண்டு. கேட்கும் பையருக்கு மட்டும் போதும்.

பாலியஸ்டரில் வெள்ளை: கவனம் முழுக்க இங்கே

பாலியஸ்டருக்கு ஏற்றுவது டிஸ்பர்ஸ் சாயம். சூடு ஏறினால் அது திடநிலையிலிருந்து நேராக ஆவியாகி மேலே கிளம்பும். மேலே இருக்கும் பிளாஸ்டிசாலின் பிளாஸ்டிசைசர் அந்தச் சாயத்தைக் கரைத்து உள்ளே இழுத்துக்கொள்ளும். சிவப்புத் துணியில் வெள்ளை ரோஸ் ஆவது இப்படித்தான். வேதனை என்னவென்றால் இது மெஷினை விட்டு வெளியே வரும்போது தெரியாமலும் இருக்கலாம். சூட்டோடு அடுக்கிக் கட்டிய கட்டுக்குள் மெல்ல நடந்து, சில நாள் கழித்துத் தெரியும். அதற்குள் சரக்குக் கப்பலில் இருக்கும். சிவப்பு, மெரூன், அடர் நேவி ஆகியவை மோசமானவை. சப்ளிமேஷன் பிரிண்ட் (டிஸ்பர்ஸ் சாயத்தைச் சூட்டில் ஏற்றும் அச்சு) செய்த துணி எல்லாவற்றிலும் மோசம்.

இதற்கு மூன்று தடுப்பு உண்டு. முதலாவது சூட்டைக் குறைப்பது. சாதாரண பிளாஸ்டிசால் 160 டிகிரியில் கியூர் ஆகும். லோ கியூர் வகைகள் 130 முதல் 140-க்குள் முடிந்துவிடும். சாயம் கிளம்பும் வேகம் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் கண்ணெதிரே மாறும், அதனால் இந்த 20, 30 டிகிரி பெரிய விஷயம். இரண்டாவது, லோ பிளீட் ஒயிட். ஏறும் சாயத்தைத் தடுக்கும் பொருள்களை இதில் சேர்த்திருப்பார்கள். மூன்றாவது, கீழே கார்பன் கலந்த சாம்பல் நிற பிளாக்கர் ஒரு கோட், அதன் மேல் ஒயிட். பிளாக்கரில் ஊசித் துளை இருந்தால் அந்தத் துளை வழியே சாயம் ஏறிப் புள்ளிப் புள்ளியாகத் தெரியும். அதனால் பிளாக்கர் கோட்டை டிசைனின் எல்லை வரை முழுமையாக, இரண்டு ஸ்ட்ரோக்கில் அடியுங்கள். மேல் ஒயிட்டை அரை மில்லிமீட்டர் அளவுக்கு வெளியே விடுங்கள், சாம்பல் விளிம்பு எட்டிப்பார்க்காது.

லோ பிளீட் ஒயிட் நல்லதுதானே, காட்டனுக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். சில லோ பிளீட் மைகளில் உள்ள பொருள் சூட்டில் காட்டன் சாயத்தையும் வெளுக்கும். சூடான பீஸ்களை அடுக்கும்போது மேலே இருக்கும் பீஸின் முதுகில் அச்சின் நிழல் வெளுத்து விழும். பையர் அதைக் கறை என்று திருப்பி அனுப்புவார். காட்டனுக்குக் காட்டன் ஒயிட், பாலியஸ்டருக்கு லோ பிளீட், இரண்டு டப்பாவையும் தனித்தனி அலமாரியில் வையுங்கள்.

பிளீடிங் (துணியின் சாயம் வெள்ளையில் ஏறுவது) சோதனைக்கு: அடித்துக் கியூர் செய்த துண்டை நன்றாக ஆறவிட்டு, அச்சின் மேல் அதே துணியின் இன்னொரு துண்டை வைத்து, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே எடை ஏற்றி, 70 டிகிரி ஓவனில் (சூட்டடுப்பில்) 24 மணி நேரம் வையுங்கள். பக்கத்தில் ஒப்பிட, ஓவனுக்குள் போகாத ஒரு துண்டு வேண்டும். வெயிலில் பார்த்து வித்தியாசம் இல்லையென்றால் தைரியமாகப் போகலாம். மெஷினிலிருந்து இறங்கும் பாலியஸ்டர் பீஸை உடனே அடுக்காமல் ஃபேன் காற்றில் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுவது செலவில்லாத பாதுகாப்பு.

ஸ்கிரீன் சரியில்லாமல் ஒயிட்டைக் குறை சொல்லாதீர்கள்

43டி மெஷ் (சென்டிமீட்டருக்கு 43 இழை) சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 50 மில்லி மையை இறக்கும். 77டி அதில் பாதிதான். ஒரே டப்பா ஒயிட் முதலாவதில் மூடும், இரண்டாவதில் சாம்பலாகத் தெரியும். காதி, ரப்பர் ஒயிட்டுக்கு 43டி முதல் 54டி. பிளாஸ்டிசால் பேஸ் கோட்டுக்கு 54டி அல்லது 61டி, மேல் கோட்டுக்கு 77டி. மெல்லிய எழுத்து, நுண்கோடு இருந்தால் 77டி-க்குப் போகலாம், ஆனால் அப்போது பேஸ் கோட் கட்டாயம்.

ஸ்கிரீன் இறுக்கம் சென்டிமீட்டருக்கு 20 முதல் 25 நியூட்டன் இருக்கட்டும். தொளதொளத்த ஸ்கிரீன் மையை விட்டு எழும்பாமல் ஒட்டிக்கொண்டே வரும். அதைச் சமாளிக்க மாஸ்டர் அழுத்திப் பிடிப்பார். அழுத்தினால் வெள்ளை துணிக்குள் இறங்கிப் பின்பக்கம் தெரியும், மேலே கவரேஜ் இருக்காது. வெள்ளை மை துணியின் மேல் உட்கார வேண்டும், உள்ளே போகக் கூடாது. துணிக்கும் ஸ்கிரீனுக்கும் நடுவே 2 மில்லிமீட்டர் அளவு இடைவெளி விட்டு, 65 முதல் 70 ஷோர் கடினமுள்ள ஸ்குவீஜி (மை இழுக்கும்) ரப்பரை லேசான அழுத்தத்தில் வேகமாக இழுத்தால் மை மேலேயே நிற்கும். கஷ்டப்பட்டு இழுக்க வேண்டியிருந்தால் மை கெட்டி என்று உடனே ரெடியூசர் (மையை இளக்கும் திரவம்) ஊற்றாதீர்கள். பிளாஸ்டிசால் ஒயிட் கலக்கக் கலக்க இளகும் சுபாவம் உடையது. மார்கழிக் காலையில் கல்லாக இருக்கும் டப்பாவை ஐந்து நிமிடம் கலக்கினாலே தயிர்ப் பதத்துக்கு வந்துவிடும். அதற்கு மேலும் தேவைப்பட்டால் ரெடியூசர் 3 சதவீதம், அதிகபட்சம் 5. அதைத் தாண்டினால் கவரேஜும் போகும், கியூரும் கெடும்.

வாட்டர் பேஸ் ஒயிட்டுக்குத் தண்ணீர் தாங்கும் எமல்சன் (ஸ்கிரீனில் டிசைனை உருவாக்கும் பூச்சு) வேண்டும். நீண்ட ஆர்டருக்கு ஹார்ட்னரும் பூசிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சில நூறு பீஸிலேயே ஓரங்கள் கரையத் தொடங்கும். சித்திரை, வைகாசி வெயிலில் மை மெஷ்ஷிலேயே காய்வதுதான் பெரிய பாடு. இரண்டு ஸ்ட்ரோக்குக்கு நடுவே ஸ்கிரீன் மேல் மையைப் படரவிட்டு வைப்பது, ஃபேன் காற்று ஸ்கிரீன் மேல் படாமல் திருப்புவது, மையில் ரிடார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் பொருள்) 2 சதவீதம் அளவு சேர்ப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தால் சமாளிக்கலாம். தண்ணீர் ஊற்றி இளக்கினால் கவரேஜ் அத்தோடு போச்சு.

மூன்று டப்பாவை ஒப்பிடும் முறை

சேம்பிள் டப்பா ஒவ்வொன்றும் வந்த நாளில் தனித்தனியாக அடித்துப் பார்ப்பதால் எதுவும் தெரியாது. ஒரே நாள், ஒரே ஸ்கிரீன், ஒரே கை, ஒரே கறுப்புத் துணி. ஸ்கிரீனில் மூன்று விஷயங்கள் இருக்கட்டும்: 10 சென்டிமீட்டர் சதுரக் கட்டம், 1 மில்லிமீட்டர் கோடு, நெகடிவ் எழுத்து (அதாவது வெள்ளைக்குள் துணி நிறத்தில் தெரியும் எழுத்து). ஒவ்வொரு மையிலும் ஒரு கோட், இரண்டு கோட், மூன்று கோட் என மூன்று துண்டு. பின்பக்கம் மார்க்கரில் மையின் பெயர், பேட்ச் எண், கோட் எண்ணிக்கை எழுதிவிடுங்கள். கியூர் ஆன பிறகு எது எது என்று யாருக்கும் நினைவிருக்காது.

அடிக்கும் முன்னும் பின்னும் துண்டை எடை போடுங்கள். 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு போதும். இது மை எவ்வளவு இறங்கியது என்பதைச் சொல்லும். நல்ல கவரேஜ் தந்த மை உண்மையில் நல்ல மையா, அல்லது அதிகம் இறங்கியதால் வெள்ளையாகத் தெரிந்ததா என்பது எடை போட்டால்தான் பிரியும்.

கியூர் செய்து, ஒரு நாள் ஆறவிட்டுப் பிறகு பாருங்கள். வாட்டர் பேஸில் ஃபிக்ஸர் (பைண்டரை இறுகப் பிடிக்க வைக்கும் பொருள்) கலந்திருந்தால் அது முழுதாகப் பிடிக்க 24 முதல் 72 மணி நேரம் ஆகும். அடித்த அன்று சாயங்காலமே துவைத்துப் பார்த்து நல்ல மையைக் கழித்துக்கட்டியவர்கள் உண்டு. வெள்ளையை லைட் பாக்ஸில் பகல் வெளிச்சத்துக்கு இணையான டி65 விளக்கிலும், கடை வெளிச்சமான டிஎல்84-இலும் பாருங்கள். சில ஒயிட்டில் ஆப்டிகல் பிரைட்னர் சேர்த்து நீலச் சாயலில் மின்ன வைத்திருப்பார்கள். வெயிலில் ஜொலிக்கும், கடை விளக்கில் மங்கும். பையர் அப்ரூவ் செய்த பீஸ் எந்தச் சாயலில் இருந்ததோ அதுவே அளவுகோல்.

பிறகு கையால் ஒன்றரை மடங்கு இழுங்கள். விட்டதும் வெடிப்புக் கோடு தெரியக் கூடாது. 40 டிகிரியில் ஐந்து சலவை. ஒவ்வொரு சலவைக்குப் பிறகும், சலவைக்குப் போகாத துண்டோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். பையர் 60 டிகிரி கேட்டிருந்தால் 60-இலேயே செய்யுங்கள். உலர் தேய்ப்பும் ஈரத் தேய்ப்பும் லேபில் ஐஎஸ்ஓ 105-எக்ஸ்12 முறையில் பார்ப்பார்கள். யூனிட்டில் வெள்ளைக் காட்டன் துணியை விரலில் சுற்றிப் பத்து முறை தேய்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

முடி எழும்பும் துணியாக இருந்தால் ஒரு வழி: வாட்டர் பேஸில் முதலில் நிறமில்லாத பைண்டர் பேஸ்ட் ஒரு கோட் அடித்துக் காயவிட்டு, அதன் மேல் ஒயிட். முடி படிந்துவிடும், ஒயிட் குறைவாகவே செலவாகும். பிளாஸ்டிசாலில் முதல் கோட்டைப் பிளாஷ் செய்த பிறகு சூடான ரோலரோ, டெஃப்ளான் தாள் ஒட்டிய வெற்று ஸ்கிரீனோ கொண்டு ஓர் அழுத்து. மேல் கோட் கண்ணாடி போல உட்காரும்.

கியூரிங் மெஷினைக் கேளுங்கள்

மெஷினின் டயல் காட்டுவது காற்றின் சூடு. மைக்குள் எவ்வளவு ஏறியது என்பதை அச்சின் ஓரமாக ஒட்டி அனுப்பும் வெப்ப ஸ்டிக்கர்தான் சொல்லும். ஐஆர் கன் மேல்தோலை மட்டும் காட்டும். கனமான வெள்ளையில் அடிப்பகுதி இன்னும் 20 டிகிரி குறைவாக இருக்கலாம். வெள்ளை மை ஐஆர் வெப்பத்தைத் திருப்பியடிக்கும் என்பதால் கறுப்பு மைக்குப் போதுமான பெல்ட் வேகம் ஒயிட்டுக்குப் போதாமல் போகும்.

வாட்டர் பேஸில் தண்ணீர் முழுக்க வெளியேறும் வரை படலம் 100 டிகிரியைத் தாண்டவே தாண்டாது. அதற்குப் பிறகுதான் உண்மையான கியூரிங் தொடங்கும். 150 டிகிரியில் 3 நிமிடம் என்பது வழக்கமான கணக்கு, நல்ல காற்றோட்டம் உள்ள மெஷினில் 160-இல் 2 நிமிடம். உங்கள் மெஷின் ஒன்றரை மீட்டர் நீளம்தான் என்றால், வழக்கமான பெல்ட் வேகம் கனமான ரப்பர் ஒயிட்டுக்குப் போதாது. அப்போது இரண்டு முறை ஓட்டுங்கள், அல்லது ஃபிக்ஸரை நம்பி லோ கியூர் வகை வாங்குங்கள். ஃபிக்ஸர் 1 முதல் 2 சதவீதம். கூடுதலாக ஊற்றினால் அச்சு விறைக்கும். கலந்த மை அன்று மாலைக்குள் டப்பாவிலேயே கெட்டியாகும்.

பிளாஸ்டிசால் முழுக் கியூர் ஆனதா என்று அறிய, அச்சின் மேல் எத்தில் அசிட்டேட் இரண்டு சொட்டு விட்டு, வெள்ளைத் துணியை அழுத்தி ஒரு நிமிடம் பிடியுங்கள். மை ஒட்டிக்கொண்டு வந்தால் உள்ளே வேகவில்லை. பிளாஷ் வேறு விஷயம்: அங்கே 105 முதல் 120 டிகிரி, விரலில் ஒட்டாத அளவு போதும். பிளாஷிலேயே முழுதாக வேகவிட்டால் மேல் கோட்டுக்குப் பிடி கிடைக்காது. சலவையில் மேல் வெள்ளை மட்டும் தோலாக உரிந்தால் சந்தேகமே வேண்டாம், பிளாஷ் கூடிவிட்டது.

கிலோ விலை ஏமாற்றும்

25-க்கு 30 சென்டிமீட்டர் முழுக் கட்டம் என்றால் 750 சதுர சென்டிமீட்டர். ஈரத்தில் 100 மைக்ரான் கனம் என்றால் 7.5 மில்லி, ஒயிட்டின் அடர்த்தி 1.4 என்று வைத்தால் 10.5 கிராம். டிசைன் அந்தக் கட்டத்தில் 40 சதவீதத்தை மட்டும் நிரப்பினால் 4.2 கிராம். 5000 பீஸுக்கு 21 கிலோ, ஸ்கிரீனிலும் வழிப்பிலும் போகும் கழிவுக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டுங்கள்.

கிலோ 300 ரூபாய் மை மூன்று கோட்டில் 6 கிராம் எடுக்கிறது, 400 ரூபாய் மை இரண்டு கோட்டில் 4 கிராம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாவது பீஸுக்கு 1.80, இரண்டாவது 1.60. மூன்றாவது கோட்டுக்கான ஆள் கூலி, டேபிள் நேரம் இதில் இன்னும் சேரவில்லை. சேர்த்தால் மலிவு மை எங்கே நிற்கிறது என்று தெரியும். சோதனையில் தராசு வைக்கச் சொன்னது இதற்கும்தான்.

வாங்கிய பிறகு

ஒரு ஆர்டருக்குத் தேவையான ஒயிட்டை ஒரே பேட்ச்சில் வாங்குங்கள். பேட்ச் மாறும்போது வெள்ளையின் சாயல் மாறினால், முன்பக்கமும் கையும் தனித்தனியாக அடித்துத் தைக்கும் உடுப்பில் அது அப்பட்டமாகத் தெரியும். பிளாஸ்டிசாலை 32 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் வையுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் கோடையைக் கழித்த டப்பா உள்ளேயே கட்டிதட்டத் தொடங்கும். வாட்டர் பேஸ் டப்பாவில் மை மேல் ஒரு பாலித்தீன் தாளைப் படியவிட்டு மூடியை அழுத்துங்கள். ஸ்கிரீனிலிருந்து வழித்த மையைப் புது டப்பாவோடு சேர்க்காதீர்கள்; பஞ்சும் காய்ந்த கட்டியும் அதில் இருக்கும்.

பேக்கிங்கிலும் வெள்ளைக்கு ஓர் எதிரி உண்டு. சில பாலிபேக்குகளில் பிஹெச்டி என்ற பொருள் கலந்திருக்கும். அது கண்டெய்னரிலும் கிடங்கிலும் வண்டிப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சேர்ந்து வெள்ளைத் துணியை, சில சமயம் வெள்ளை அச்சையும், மஞ்சளாக்கும். மை, கியூரிங் எல்லாம் சரியாக இருந்தும் மடிப்பு ஓரங்களில் மட்டும் மஞ்சள் பூத்தால் பையைச் சந்தேகியுங்கள். பிஹெச்டி இல்லாத பை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். லேபில் ஐஎஸ்ஓ 105-எக்ஸ்18 சோதனை இதற்கென்றே இருக்கிறது. அப்ரூவ் ஆன ஸ்ட்ரைக் ஆஃப் (மாதிரி அச்சு) துண்டையும், முதல் நாள் அடித்த ஒரு பீஸையும் கறுப்புக் கவரில் போட்டு, மையின் பேட்ச் எண், மெஷ், ஸ்ட்ரோக், பெல்ட் வேகம் எல்லாம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதே பையர் ஆறு மாதம் கழித்து ரிப்பீட் ஆர்டர் கொடுக்கும்போது எடுத்துப் பார்க்க வேண்டியது அந்தக் கவர்தான்.